கடாரத்தின் கடலோர மலை: குனோங் ஜெராய் உருவான கதை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கைப்பட்டாணியைக் கடந்து அலோர்ஸ்டார் நோக்கிச் செல்பவர்களுக்கு, இடப்பக்கத்தில் வெகுநேரம் கூடவே வரும் மலை குனோங் ஜெராய். பீடோங், செமெலிங், குரூண், மெர்போக் வட்டாரங்களில் வளர்ந்த தமிழர்களுக்கு அது தினமும் கண்ணில் படும் மலை. உச்சியில் மேகம் இறங்கினால் துணி காயப்போடலாமா வேண்டாமா என்று தோட்டத்து வீடுகளில் முடிவு செய்ததெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

கடாரம் என்றதும் நமக்கு இராஜேந்திர சோழன் நினைவுக்கு வருகிறான். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களைப் போய்ப் பார்க்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கோயில்கள் ஏன் அந்த இடத்தில் எழுந்தன என்ற கேள்வியை அவ்வளவாக எழுப்புவதில்லை. துறைமுகம் ஏன் மெர்போக் ஆற்றோரம் அமைந்தது? இரும்பு ஏன் சுங்கை பத்துவில் உருக்கப்பட்டது? பிற்காலத்தில் ரப்பர் தோட்டங்கள் ஏன் மலையின் தெற்கிலும் கிழக்கிலும் வந்தன, வடக்கே ஏன் நெல் வயலாகவே இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலின் பெரும்பகுதி மலையின் பாறையிலும், அதன் காலடியில் முன்னேறிப் பின்வாங்கிய கடலிலும் இருக்கிறது.

தட்டை நிலத்தில் தனி மலை

ஜெராயின் உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். தித்திவங்சா மலைத்தொடரின் குனோங் கோர்புவோடு ஒப்பிட்டால் இது பெரிய உயரமல்ல. கோர்பு 2,183 மீட்டர். ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஜெராய்தான் பெரிதாகத் தெரியும். கோர்பு மற்ற மலைகளின் நடுவே ஒளிந்திருக்கிறது. ஜெராயோ கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து நேராக எழுகிறது. உச்சியிலிருந்து யான் கடற்கரைக்கு நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு ஏற்றம் மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது. தெற்கே தெரியும் பினாங்குத் தீவின் மலைகள்கூட 833 மீட்டரோடு நின்றுவிடுகின்றன.

மலைத்தொடர் என்று சொல்வதைவிட மலைத்திரள் என்பது இதற்குப் பொருந்தும். ஓர் உச்சியும் அதிலிருந்து நான்கு பக்கமும் இறங்கும் முகடுகளும், முகடுகளுக்கிடையே செங்குத்தான ஓடைகளும் சேர்ந்தது ஜெராய். மேற்கே மலாக்கா நீரிணையில் பூலாவ் பிடான், பூலாவ் சொங்சொங் போன்ற சிறு தீவுகள். வடக்கே யான் முதல் அலோர்ஸ்டார் வரை நெல் வயல். தெற்கே மெர்போக் ஆற்றின் கழிமுகமும் அதன் சதுப்புநிலக் காடும். கிழக்கே மட்டும் குரூண் பக்கம் நிலம் மெல்ல உயர்ந்து மற்றக் குன்றுகளோடு சேர்கிறது.

மணல் மலையான விதம்

ஜெராயின் கதை மணலில் தொடங்குகிறது. இன்றைக்கு 500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு பழங்கடலின் ஓரத்தில் மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்தன. மணல் அடுக்கு இறுகி மணற்கல் ஆனது, களி அடுக்கு களிப்பாறை ஆனது. புவியியலாளர்கள் இந்தத் தொகுதிக்கு ஜெராய் பாறையமைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லங்காவியின் மாச்சின்சாங் மலைப் பாறைகளோடு இதை ஒப்பிட்டு, கேம்பிரியன் காலத்தைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். நாட்டின் மிகப் பழமையான பாறைகளாகப் பேசப்படுபவை மாச்சின்சாங் பாறைகள். வானம் தெளிந்த நாளில் ஜெராய் உச்சியிலிருந்து லங்காவி தெரியும் என்பார்கள். அப்படித் தெரிந்தால், பார்ப்பவர் ஒரே கடலடி மணலின் இரு துண்டுகளில் ஒன்றின் மேல் நின்று மற்றொன்றைப் பார்க்கிறார் என்று பொருள்.

கணிக்கிறார்கள் என்று எழுதக் காரணம் உண்டு. பாறையின் வயதைச் சொல்லும் புதைபடிவங்கள் ஜெராயில் தப்பவில்லை. வெப்பம் எல்லாவற்றையும் சுட்டுவிட்டது. ஆனால் இப்பாறைகளுக்கு மேலடுக்காகக் கருதப்படும் தென்கெடாவின் மாஹாங் பாறையமைவில் கிராப்டோலைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் தடங்கள் இருக்கின்றன. அந்த உயிரினம் வாழ்ந்த காலம் தெரியும். மேலடுக்கின் வயது தெரிந்தால் கீழடுக்கு அதைவிட மூத்தது என்று சொல்லலாம் அல்லவா? ஓலைச்சுவடிகளுக்குக் காலம் கணிக்கும்போது, அதை மேற்கோள் காட்டும் அடுத்த நூலின் காலத்தை வைத்து முந்தைய நூலின் காலத்தை மட்டிடுவது போன்ற வேலை இது.

அந்தப் பழங்கடல் இன்று ஜெராய் இருக்கும் இடத்தில் இல்லை. தீபகற்பத்தின் மேற்குப் பாதி, தாய்லாந்து, மியன்மார், சுமத்திரா ஆகியவற்றின் பகுதிகளோடு சேர்ந்து, கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் விளிம்பில், இன்றைய ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் துண்டுக்குச் சிபுமாசு என்று பெயர். சயாம், பர்மா, மலாயா, சுமத்திரா ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் இது. பெர்மியன் காலத்தில் சிபுமாசு கோண்டுவானாவிலிருந்து பிய்ந்து வடக்கே நகர்ந்தது. இந்தியாவும் அதே பெருங்கண்டத்தில்தான் இருந்தது, ஆனால் மிகப் பிந்தித்தான் பிரிந்து வந்தது. இதைக் குமரிக்கண்டத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோண்டுவானா உடைந்தபோது மனிதன் என்ற இனமே கிடையாது.

நகர்ந்து வந்த சிபுமாசு, ட்ரையாசிக் காலத்தில் கிழக்கே இருந்த இன்னொரு நிலத்துண்டோடு மோதியது. அந்த மோதலின் தழும்பு பெந்தோங், ரவுப் வழியாகத் தீபகற்பத்தின் நடுவே நீண்டு கிடக்கிறது. மோதலில் புவியின் ஆழத்துப் பாறை உருகிக் குழம்பாகி மேலெழுந்தது. தரையை எட்டாமல் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே நின்று மெல்லக் குளிர்ந்து கிரானைட் ஆனது. தித்திவங்சாவின் முதுகெலும்பும் பினாங்குத் தீவின் மலைகளும் இந்த மேற்குக் கிரானைட் வலயத்தைச் சேர்ந்தவை. ஜெராயின் அடியிலும் அவ்வாறு ஒரு கிரானைட் திரள் நுழைந்தது.

உருகிய குழம்பு நுழைந்தபோது மேலே இருந்த பழைய அடுக்குகள் வெந்தன. மணற்கல்லின் மணிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் குவார்ட்சைட் ஆயின. களிப்பாறை, ஏடு ஏடாகப் பிரியும் சிஸ்ட் ஆனது. களிமண்ணைச் சூளையில் இட்டால் ஓடாக மாறுவது போலத்தான். பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் மேல்மண்ணை அரித்துக்கொண்டே வந்தன. மென்மையான பாறைகள் கரைந்து போயின, குவார்ட்சைட் கரையவில்லை. சுத்தியலால் அடித்தால் தெறிக்கும் அளவுக்குக் கடினமான கல் அது. ஜெராய் இன்றும் உயர்ந்து நிற்க இந்தக் கல்தான் முதல் காரணம். சுற்றியிருந்த நிலமெல்லாம் தேய்ந்து இறங்கியபின் எஞ்சி நிற்கும் முண்டு என்று இந்த மலையைச் சொல்லலாம்.

இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இ.எஃப். பிராட்ஃபர்ட். ஜெராய் வட்டாரத்தின் புவியியலையும் கனிமங்களையும் பற்றிய அவரது நூலைப் புவியியல் ஆய்வுத் துறை 1972இல் வெளியிட்டது. கிரானைட்டின் ஓரங்களில் பெரிய படிகங்களாக இறுகிய பெக்மடைட் நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் கறுப்புக் கம்பிகள் போல டூர்மலின் படிகங்கள் தெரியும். ஈயமும் கொலம்பைட்டும் இந்த வட்டாரத்தில் தோண்டி எடுக்கப்பட்டன. இரும்புத் தாதுவும் கிடைத்தது. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

உச்சிப் பகுதியில் மரங்கள் குட்டையாகிவிடுகின்றன. குவார்ட்சைட் உடைந்தால் மணல்தான் கிடைக்கும். அதில் சத்து இல்லை, நீரும் தங்காது. அந்த வறிய மண்ணில் குடுவைத் தாவரங்கள் வளர்கின்றன. மண் தராத சத்தைப் பூச்சிகளைப் பிடித்துத் தேடிக்கொள்ளும் செடி அது. தோட்டப் பிள்ளைகள் அதைக் குரங்குக் கிண்ணம் என்பார்கள். மலாய்மொழியில் 'பெரியோக் கெரா', குரங்குப் பானை.

முப்புறமும் கடல் சூழ்ந்த காலம்

பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணை அப்போது உலர்நிலம். ஜெராய் ஓர் உள்நாட்டு மலை. பனி உருகியதும் கடல் ஏறியது. ஏறிய கடல் இன்றைய மட்டத்தோடு நிற்காமல், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைவிட மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை மேலே போனது. பிறகு மெல்ல இறங்கி இப்போதைய மட்டத்துக்கு வந்தது.

ஐந்து மீட்டர் என்பது கேட்கச் சிறிதாக இருக்கலாம். ஆனால் கெடாவின் சமவெளி அத்தனை தட்டை. ஐந்து மீட்டர் கடல் ஏறினால் யான், அலோர்ஸ்டார் வயல்களின் பெரும்பகுதி நீருக்குள் போய்விடும். அந்தக் காலத்தில் ஜெராய் ஒரு தீவு என்று பலரும் எழுதுகிறார்கள். ஹிக்காயாட் மெரோங் மஹாவங்சா என்னும் கெடாவின் பழைய மலாய் வரலாற்று நூலிலும், பூலாவ் செராய் என்ற தீவு நிலத்தோடு சேர்ந்து மலையானது என்ற செய்தி இருக்கிறது. கிழக்கே குரூண் பக்கத்து நிலம் உயரமானது என்பதால், நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவு என்பதைவிட முப்புறமும் கடல் சூழ்ந்த முனை என்று எண்ணுவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எதுவாயினும், மலையின் அடிவாரம்தான் அன்றைய கடற்கரை.

இதற்குச் சான்று வயலில் கிடைக்கிறது. வடக்கே வயல்களைத் தோண்டினால் சாம்பல் நிறக் கடற்களி வரும். அலோர்ஸ்டார் அருகே வயல் நடுவே திடீரென்று எழும் சுண்ணாம்புக் குன்றான குனோங் கெரியாங்கும் அந்நாளில் கடல் நடுவே நின்றதுதான். தெற்கே செபெராங் பிறையின் குவார் கெப்பாவில் பழங்கால மக்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் மேடாகக் கிடந்தன. அங்கே 2017இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்து, பினாங்குப் பெண் என்று பெயர் பெற்றது. சிப்பி பொறுக்கித் தின்றவர்கள் கடலோரத்தில்தான் வாழ்ந்திருப்பார்கள். அந்த மேடு இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

கடல் பின்வாங்கப் பின்வாங்க மூடா ஆறும் மெர்போக் ஆறும் கொண்டுவந்த வண்டல் அந்த இடத்தை நிரப்பியது. கழிமுகங்கள் குறுகின. கடாரத்தின் துறைகள் காலத்துக்குக் காலம் இடம் மாறியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். சுங்கை பத்து, கோத்தா கோலமூடா அருகே சுங்கை மாஸ், பிறகு பெங்காலான் பூஜாங் என்று வணிகம் நடந்த இடங்கள் வேறுபடுகின்றன. சுங்கை பத்துவில் அகழ்ந்தெடுத்த செங்கல் படித்துறைகள் இப்போது செம்பனைத் தோட்டத்தின் நடுவே இருக்கின்றன. படகு கட்டிய இடத்தில் இன்று லாரி நிற்கிறது.

மாலுமிகளின் அடையாளம்

ஜெராய் நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு பாகையை ஒட்டிய அகலாங்கில் இருக்கிறது. இலங்கையின் தென்முனையும் ஏறக்குறைய அதே அகலாங்கில்தான் உள்ளது. அதாவது இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றிவந்த கப்பல், சுமத்திராவின் வடமுனையையொட்டி நேர் கிழக்கே வந்தால், தீபகற்பத்தில் முதலில் கண்ணுக்குப் படும் பெரிய பொருள் ஜெராய். திசைகாட்டி இல்லாத காலத்தில் விண்மீன் உயரத்தை வைத்து அகலாங்கைக் காத்துக்கொண்டு வருவது மாலுமிகளுக்குத் தெரிந்த வித்தை.

எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும்? 1,200 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சி, புவியின் வளைவைக் கணக்கில் எடுத்தால், வானம் முழுக்கத் தெளிந்திருக்கையில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் வரை தெரிய வாய்ப்பு உண்டு. பாய்மரக் கப்பலுக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் பயணத் தொலைவு. கரை தெரியுமுன் மலை தெரியும். அருகே வந்ததும் மெர்போக் கழிமுகம் அலையிலிருந்து காப்பளிக்கும். மலையின் ஓடைகளில் ஆண்டு முழுதும் நன்னீர் உண்டு. பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வணிகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போன சீனத் துறவி யிஜிங்கும் கெடா வழியாகத்தான் போனார்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கும் பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவையும் சொல்லப்படுகின்றன. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். அவர் பல நூற்றாண்டு பிந்தியவர் என்பதால் இதைச் சங்ககாலத்துக்கு நேர்ச் சான்றாக எடுத்துக்கொள்வதில் கவனம் தேவை. ஆனால் 11ஆம் நூற்றாண்டில் ஐயம் ஏதுமில்லை. இராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கடாரம் இருக்கிறது.

இரும்பும் கல்லும்

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் சுங்கை பத்துவில் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சமும், உலைக்குள் காற்று ஊதும் சுடுமண் குழாய்களும், கசடுக் குவியல்களும் வெளிப்பட்டன. இந்தத் தொழில் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது என்பது அகழ்வுக் குழுவினரின் முடிவு. அத்தனை பழமையை ஏற்க மேலும் சான்று வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் உள்ளனர். தொன்மை பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும், இங்கே இரும்புத் தொழில் பெரிய அளவில் நடந்தது என்பதைக் கசடுக் குவியல்களே சொல்கின்றன.

இரும்பு உருக்க மூன்று பொருள் தேவை: தாது, கரி, சூளை கட்டக் களிமண். தாது இந்த மலையடிவாரத்துப் பாறையிலும் மண்ணிலும் கிடைத்தது. கரிக்குக் காடு பக்கத்திலேயே இருந்தது. களியைக் கடல் விட்டுச் சென்றிருந்தது. உருக்கிய இரும்பை ஏற்றப் படித்துறை சில அடி தூரத்தில். எல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்ததுதான் சுங்கை பத்துவின் அதிர்ஷ்டம்.

கோயில்களும் அதேபோல் காலடியில் கிடைத்ததைக் கொண்டே கட்டப்பட்டன. மெர்போக்கில் உள்ள சண்டி புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் அடித்தளம் கிரானைட். பாஹாட் என்றால் மலாய்மொழியில் உளி. பத்து பாஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல். ஊர்ப்பெயரே கல்தச்சர்களை நினைவில் வைத்திருக்கிறது. ஆற்றில் உருண்டு வந்த கிரானைட் பாறைகளை உடைத்துச் செதுக்கி, கருவறைக்கும் அதன் முன்னுள்ள மண்டபத்துக்கும் அடித்தளம் அமைத்தார்கள். மண்டபத்தின் தூண்கள் மரத்தாலானவை. அவற்றை நிறுத்திய கல்பீடங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. இந்தக் கோயிலை 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லாம்ப் சீரமைத்தார். அதற்கு முன்பே 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களை அகழ்ந்திருந்தனர்.

மலையை விட்டு ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வந்தால் கட்டுமானப் பொருள் மாறிவிடுகிறது. அங்கே கிரானைட் அரிது. செங்கல்லும் செம்புரைக்கல்லும்தான் மிகுதி. செம்புரைக்கல் என்பது மழைநாடுகளில் மண்ணிலுள்ள இரும்பு இறுகி உருவாகும் செந்நிறக் கல். வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகிவிடும். ஆகவே ஒரு கோயிலின் அடித்தளத்தைப் பார்த்தால் அது மலையருகே இருந்ததா, ஆற்றுச் சமவெளியில் இருந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நெல் எங்கே, ரப்பர் எங்கே

சோழர் காலத்தைத் தாண்டி நம் தாத்தா பாட்டி காலத்துக்கு வருவோம். ஜெராயின் வடக்கே உள்ள கடற்களி நீரைத் தேக்கி வைக்கும். அது நெல்லுக்கு ஏற்றது, ரப்பர் மரத்தின் வேரோ அதில் அழுகிப்போகும். கெடாவின் மந்திரி பெசாராக இருந்த வான் முகமது சமான், அலோர்ஸ்டாரிலிருந்து ஜெராயின் அடிவாரம் வரை சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டச் செய்தார். 1885இல் வேலை தொடங்கியது. சதுப்பாகக் கிடந்த பழைய கடலடி அதனால்தான் வயலானது. வான் மாட் சமான் கால்வாய் இன்றும் சாலையோரத்தில் ஓடுகிறது.

தெற்கிலும் கிழக்கிலும் கதை வேறு. கிரானைட்டும் சிஸ்ட்டும் மட்கிய மேட்டுநிலத்தில் நீர் தேங்காமல் வடிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் முதலாளிகள் தேடியது இத்தகைய மண்ணைத்தான். அதனால்தான் சுங்கைப்பட்டாணி, பீடோங், செமெலிங், குரூண் பக்கங்களில் தோட்டங்கள் வந்தன; அவற்றில் பால்மரம் வெட்டத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கெடாவில் தமிழர் எங்கே வாழ்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டு, அதன்மேல் மண்வகை வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் பொருந்தும். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று செமெலிங்கில் இருப்பதும் அந்த மேட்டுநிலத்தில்தான்.

கடாரத்துக்குத் தமிழ் வணிகர் வந்ததும், ஆயிரம் ஆண்டு கழித்துத் தோட்டத் தொழிலாளர் வந்ததும் ஒரே தொடர்ச்சி என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடையே நெடுங்காலம் துண்டிப்பு இருக்கிறது. வந்த காரணமும் வந்த விதமும் முற்றிலும் வேறு. ஒரே மலையின் அடிவாரத்துக்கு இருமுறையும் வந்து சேர்ந்தோம் என்பது மட்டும் உண்மை.

மலை சரிந்த நாள்

2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் உச்சிப் பகுதியில் கடும் மழை கொட்டியது. சரிவுகளில் பல இடங்களில் மண் பெயர்ந்து ஓடைகளுக்குள் விழுந்தது. சேறும் மரங்களும் பாறைகளும் கலந்த வெள்ளம் தித்தி ஹாயுன், தூப்பா ஓடைகள் வழியே யான், மெர்போக் பகுதிக் கிராமங்களுக்குள் பாய்ந்தது. உயிர்கள் பலியாயின; வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மலாய்மொழியில் இத்தகைய திடீர்ப் பெருக்கைக் 'கெப்பாலா ஆயேர்' என்கிறார்கள். நீரின் தலை என்று பொருள்.

இந்த மலையின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். கடினமான பாறையின் மேல் மெல்லிய மண் போர்வை. சரிவு செங்குத்து. பாறைக்குள் இறங்க முடியாத மழைநீர் மண்ணுக்கும் பாறைக்கும் இடையே தேங்குகிறது. ஓரளவுக்கு மேல் போனால் மண் வழுக்கிவிடுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து மேலே தள்ளும் முதல் சுவர் இந்த மலை என்பதால், கீழே வெயிலடிக்கும்போதே உச்சியில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். ஓடைகளோ சில கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் இறங்குபவை. உச்சியில் தொடங்கிய வெள்ளம் ஊருக்கு வர அதிக நேரம் பிடிக்காது.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு நீராடப் போகும் அருவிகளின் அடியில் வீடு அளவுக்குப் பெரிய உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. படம் எடுக்க அழகான இடம். சாதாரண நாளில் முழங்கால் அளவு ஓடும் நீர் அந்தப் பாறைகளை உருட்டியிருக்க முடியாது. 2021இல் நடந்தது போன்றவை முன்பும் நடந்திருக்கின்றன என்பதற்கு அவையே சாட்சி. ஓடையில் இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலைதழைகளும் குச்சிகளும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலிருந்து உறுமல் போலச் சத்தம் கேட்டாலோ, பொருள்களை எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது.

பதிவில் ஏறாத மேடுகள்

இன்னோர் ஆபத்து மழையால் வருவதல்ல. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் கோயிலின் எச்சம் மேம்பாட்டுப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது தெரியவந்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அந்த இடம் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவாகாமல் தனியார் நிலத்தில் இருந்தது. நம் சமூக அமைப்புகளும் அப்போது குரல் கொடுத்தன.

கோயில் எச்சம் அழிந்தால் குறைந்தபட்சம் செய்தியாகிறது. பழைய கடற்கரை மேடு மட்டப்படுத்தப்பட்டாலோ, இரும்புக் கசடு கலந்த மண் லாரியில் போனாலோ, ஓர் ஓடையின் பழைய தடம் நிரப்பப்பட்டாலோ யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் துறைமுகம் எங்கே இருந்தது, எப்போது தூர்ந்தது என்பதைச் சொல்லக்கூடியவை அவைதாம். கோயிலைச் சுற்றி மட்டும் வேலி போட்டுவிட்டு, அந்தக் கோயிலுக்குக் காரணமான ஆற்றங்கரையை விட்டுவிட்டால் பாதி வரலாறு வேலிக்கு வெளியே போய்விடும். ஜெராய் இப்போது தேசிய அளவில் ஜியோபார்க்காக, அதாவது புவியியல் சிறப்புக்காகப் பேணப்படும் வட்டாரமாக அங்கீகாரம் பெற்றிருக்கிறது. லங்காவி 2007இலேயே யுனெஸ்கோவின் ஜியோபார்க் பட்டியலில் இடம்பெற்றது. ஜெராயின் அங்கீகாரத்தில் மலையும் தொல்லியலும் ஒரே வட்டாரமாகப் பார்க்கப்படுவது நல்ல தொடக்கம். ஆனால் ஜியோபார்க் என்ற பெயர் மட்டும் தனியார் நிலத்துக்குள் கிடக்கும் மேட்டைக் காப்பாற்றாது. அதற்கு ஒவ்வோர் இடமாக அரசிதழில் ஏற வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

குரூண் பக்கத்திலிருந்து மலைமேல் தார்ச்சாலை போகிறது. சாலை வெட்டப்பட்ட ஓரங்களில் பாறை வெளியே தெரியும் இடங்களைக் கவனியுங்கள். உடைந்த முகத்தில் சர்க்கரைக் கட்டி போல மினுங்கினால் அது குவார்ட்சைட். விரல் நகத்தில் ஏடாக உரிந்து வந்தால் சிஸ்ட். கறுப்பு, வெள்ளை, சாம்பல் புள்ளிகள் கலந்திருந்தால் கிரானைட். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. ஆனால் கல்லையோ குடுவைச் செடியையோ எடுத்து வர வேண்டாம்.

பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. மெர்போக்கில், மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. வெவ்வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி அடுக்கிய கோயில் அடித்தளங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எது கிரானைட், எது செங்கல், எது செம்புரைக்கல் என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு பெயர்ப்பலகையைப் படியுங்கள். வளாகத்தின் பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது. உச்சியில் மேகம் கறுத்திருந்தால் அந்த ஓடையில் இறங்க வேண்டாம்.